400 வாட்ஸ் ஸ்பீக்கர் 60 வாட்ஸிலேயே எல்லையைத் தொடுவது ஏன்? – வாசகர் கேள்வி-பதில்

நோம்பி (திருவிழா) சீசன் முடிந்து பாக்ஸ்களைப் பிரித்துப் பார்க்கும் நேரம் இது. அதனால் இந்த இதழில் பேஸ் ஸ்பீக்கர் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பான கோன், தன் ஓய்வு நிலையிலிருந்து ஒரு பக்கமாகப் போகும் தூரத்தை 'வீச்சு' என்றே எழுதுகிறோம். முன்னும் பின்னும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மொத்த வீச்சு' என்று தனியாகச் சொல்கிறோம்.

கேள்வி: மாரியம்மன் நோம்பிக்குப் போட்ட 15 இன்ச் பேஸ் ஸ்பீக்கர் ஒண்ணு 'டக்கு டக்கு'ன்னு தட்டுச்சுங்க. ஸ்டிக்கர்ல 400 வாட்ஸ்னு இருக்குது. நாங்க ஓட்டுனது 300 வாட்ஸ் ஆம்ப்தான். பிரிச்சுப் பார்த்தா காயில் கருகவே இல்லீங்க, காயில் சுத்தியிருக்கற குழல், அதான் ஃபார்மர், அதோட அடிப்பக்கம் மட்டும் நசுங்கியிருக்குது. 90 லிட்டர் மூடுன பாக்ஸ். கம்பெனித் தாள்ல இருக்கற அளவு: எஃப்.எஸ். 38 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். 0.31, வி.ஏ.எஸ். 180 லிட்டர், பி.எல். 20, ஆர்.இ. 5.5 ஓம், சி.எம்.எஸ். 0.175, எக்ஸ்மேக்ஸ் 5 மி.மீ. ஏனுங்க இப்படி ஆச்சு?
– சவுண்டு சர்வீஸ் வாசகர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: ஸ்டிக்கரில் உள்ள 400 வாட்ஸ், காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான கணக்கு. கோன் எவ்வளவு தூரம் போகலாம் என்பது வேறு கணக்கு. அது ஸ்டிக்கரில் வராது. உங்கள் காயில் கருகாமல் ஃபார்மர் நசுங்கியிருக்கிறது என்றால், சூட்டின் எல்லைக்கு வெகு முன்பே தூரத்தின் எல்லை தாண்டிவிட்டது, ஃபார்மர் காந்தத்தின் பின் தட்டில் போய் இடித்திருக்கிறது.

தாளை அனுப்பியதால் கணக்கை முழுவதுமாகவே போட்டுவிடலாம். தாளில் உள்ள சுருக்கங்கள்: எஃப்.எஸ். என்பது கோன் தானாக அதிரும் அதிர்வெண் (ரெசனன்ஸ்); கியூ.டி.எஸ். (கியூ) அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கான எண்; வி.ஏ.எஸ். கோனின் ஸ்பிரிங் அளவுக்கே இறுக்கம் காட்டும் காற்றின் கொள்ளளவு; பி.எல். காந்தமும் காயிலும் சேர்ந்து தள்ளும் பலம்; ஆர்.இ. காயில் கம்பியின் ஓம்; சி.எம்.எஸ். ஸ்பிரிங்கின் நெகிழ்வு; எக்ஸ்மேக்ஸ் சத்தம் கெடாமல் கோன் போகக்கூடிய வீச்சு. இந்த அளவுகளைப் பாக்ஸ் கணக்குக்குள் கொண்டுவந்தவர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவர். தீலின் கட்டுரை 1961-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. கால்குலேட்டர் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் ஸ்பிரிங்கின் இறுக்கம். ஸ்பைடரும் (காயிலைப் பிடித்திருக்கும் நெளி வளையம்) சரவுண்டும் (கோனின் விளிம்பு வளையம்) சேர்ந்ததுதான் அந்த ஸ்பிரிங். சி.எம்.எஸ். 0.175 என்றால், ஒரு நியூட்டன் விசைக்குக் கோன் 0.175 மி.மீ. நகரும். தலைகீழாக்கினால் மீட்டருக்கு சுமார் 5,700 நியூட்டன். மூடிய பாக்ஸில் உள்ளிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங். வி.ஏ.எஸ்.-ஐப் பாக்ஸின் லிட்டரால் வகுத்து 1 கூட்டுங்கள்: 180 ÷ 90 = 2, கூட்டினால் 3. ஆக மொத்த இறுக்கம் 5,700 × 3 = 17,100. பாக்ஸுக்குள் ரெசனன்ஸும் கியூவும் 3-இன் வர்க்கமூல மடங்கு, அதாவது 1.73 மடங்கு ஏறும். 38 ஹெர்ட்ஸ் 66 ஆகும், 0.31 என்பது 0.54 ஆகும்.

அடுத்து வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 200 வாட்ஸ் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 40 வோல்ட் ஆர்.எம்.எஸ். (மீட்டர் காட்டும் அளவு), உச்சம் 56.6 வோல்ட். கோனைத் தள்ளுவது உச்ச வோல்ட்டுதான். பி.எல்.-ஐ உச்ச வோல்ட்டால் பெருக்கி, ஆர்.இ.-யாலும் இறுக்கத்தாலும் வகுத்தால்: 20 × 56.6 ÷ 5.5 ÷ 17,100 = 0.012 மீட்டர். அதாவது 12 மி.மீ. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் 200 வாட்ஸ் கொடுத்தால் கோன் போகப் பார்க்கும் தூரம் இது.

மற்ற அதிர்வெண்களுக்கு: அதிர்வெண்ணை 66-ஆல் வகுங்கள், வந்த எண்ணை 'அ' என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து அ-வின் வர்க்கத்தைக் கழித்து, வந்ததை மறுபடி வர்க்கமாக்குங்கள். அ-வை 0.54-ஆல் வகுத்து அதையும் வர்க்கமாக்குங்கள். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, 12-ஐ அதனால் வகுங்கள். 200 வாட்ஸுக்கு இப்படி வரும்:

30 ஹெர்ட்ஸ் – 10.3 மி.மீ.
40 ஹெர்ட்ஸ் – 9.3 மி.மீ.
60 ஹெர்ட்ஸ் – 7 மி.மீ.
80 ஹெர்ட்ஸ் – 5.2 மி.மீ.
100 ஹெர்ட்ஸ் – 3.8 மி.மீ.
200 ஹெர்ட்ஸ் – 1.2 மி.மீ.

வாட்ஸ் நாலு மடங்கானால் வீச்சு இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே எக்ஸ்மேக்ஸ் 5 மி.மீ.-ஐத் தொடும் வாட்ஸைக் கண்டுபிடிக்க, 5-ஐ மேலே உள்ள எண்ணால் வகுத்து, வர்க்கமாக்கி, 200-ஆல் பெருக்குங்கள். 100 ஹெர்ட்ஸில் 340 வாட்ஸ் வரை பிரச்சினை இல்லை. 80-இல் 186. 60-இல் 102. 40 ஹெர்ட்ஸிலோ வெறும் 58 வாட்ஸ்! உங்கள் 300 வாட்ஸ் ஆம்ப் முழுதாக ஏறினால் 40 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 11 மி.மீ.-க்கு மேல் போகும். நிஜத்தில் அவ்வளவு போகாது. 5, 6 மி.மீ. தாண்டியதும் ஸ்பைடர் இறுகும், காயில் காந்த இடைவெளியை விட்டு வெளியேறுவதால் பி.எல்.-லும் இறங்கும். ஆனாலும் பின் தட்டைத் தொட அது போதும்.

எக்ஸ்மேக்ஸைத் தாண்டிய உடனே எதுவும் உடைவதில்லை. முதலில் சத்தம் கரகரக்கும். தட்டுவது அதற்கும் அப்பால் இருக்கும் இயந்திர எல்லை. கரகரப்பைக் கூட்டத்தின் இரைச்சலில் யாரும் கவனிப்பதில்லை. தட்டிய பிறகுதான் தெரிகிறது.

இதற்குத் தீர்வு ஆம்பைச் சின்னதாக்குவது அல்ல. கிராஸ்ஓவரில் (அதிர்வெண்களைப் பிரித்து அனுப்பும் கருவி) ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும், 24 டெசிபல் குறைக்கும் ஹை-பாஸ் (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) வையுங்கள். 40 ஹெர்ட்ஸில் வைத்தால் அதே 200 வாட்ஸுக்கு அதிகபட்ச வீச்சு 7.5 மி.மீ.-க்கு இறங்கும், அதுவும் 50 ஹெர்ட்ஸ் அருகில். 5 மி.மீ.-க்குள் நிற்க 90 வாட்ஸ் வரை ஏற்றலாம். 60 ஹெர்ட்ஸில் வைத்தால் எங்குமே 5.3-ஐத் தாண்டாது, ஏறக்குறைய 180 வாட்ஸ் தைரியமாகக் கொடுக்கலாம். திறந்தவெளி நோம்பிக்கு, இந்த ஸ்பீக்கருக்கு, 60-தான் எங்கள் பரிந்துரை. ஜமாப் மேளத்தின் அடி நெஞ்சில் இறங்குவது 60-க்கு மேலேதான். அதற்குக் கீழே போகும் வாட்ஸெல்லாம் கோனை ஆட்டுமே தவிர, கடைசி வரிசையில் நிற்பவர் காதுக்கு எட்டாது.

ஈக்வலைசரில் 40 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை 6 டெசிபல் தூக்கி வைத்திருந்தால் அதைக் கீழே இறக்குங்கள். 6 டெசிபல் என்பது அந்த இடத்தில் நாலு மடங்கு வாட்ஸ், இரண்டு மடங்கு வீச்சு.

கேள்வி: அதிர்வெண் பாதியானால் வீச்சு நாலு மடங்காகும் என்று பாடத்தில் படித்தேன். ஆனால் மூடிய பாக்ஸில் ரெசனன்ஸுக்குக் கீழே வீச்சு மாறாமல் நிற்கும் என்றும் படித்தேன். எது சரி?
– பாலிடெக்னிக் மாணவர், பொள்ளாச்சி

பதில்: இரண்டும் சரி. முதலாவது, ஒரே அளவு சத்தம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால். இரண்டாவது, ஒரே வோல்ட் கொடுத்தால். ரெசனன்ஸுக்கு வெகு கீழே வோல்ட் மாறாமல் இருந்தால் வீச்சும் ஏறக்குறைய மாறாது, ஆனால் சத்தம் ஆக்டேவுக்கு 12 டெசிபல் விழுந்துகொண்டே போகும். அந்த விழுந்த சத்தத்தை ஈக்வலைசர் போட்டுத் தூக்கப் போனால்தான் நாலு மடங்கு வந்து நிற்கிறது.

சத்தத்திலிருந்து வீச்சுக்குப் போகும் சூத்திரம் இதோ. தரையில் வைத்த பாக்ஸ், 1 மீட்டர் தூரம்: காற்றின் அடர்த்தி 1.2; அதை அதிர்வெண்ணின் 6.283 மடங்கின் வர்க்கத்தால் பெருக்கி, கோன் பரப்பாலும் (சதுர மீட்டர்) வீச்சாலும் (மீட்டர்) பெருக்கி, 6.283-ஆல் வகுத்தால் உச்ச அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். 15 இன்ச் கோனின் பரப்பு சுமார் 0.0855. 50 ஹெர்ட்ஸில் 5 மி.மீ. போனால் 8 பாஸ்கல், அதாவது 109 டெசிபல். அதே 109-ஐ 100 ஹெர்ட்ஸில் எடுக்க 1.25 மி.மீ. போதும்; 40-இல் 7.8 மி.மீ. தேவை, 25-இல் 20 மி.மீ. இந்தச் சூத்திரத்தில் வாட்ஸும் இல்லை, பாக்ஸும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூடிய பாக்ஸில் எந்தக் கம்பெனி ஸ்பீக்கரானாலும் பரப்பும் வீச்சும் அதிர்வெண்ணும் தெரிந்தால் சத்தம் தெரியும். '8 இன்ச்சில் 30 ஹெர்ட்ஸ் அதிரும்' என்ற விளம்பரங்களை இதில் போட்டுப் பாருங்கள், பொழுது போகும்.

கேள்வி: 100 லிட்டர் பாக்ஸில் பைப் வெச்சு 45 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ணிக் கொடுத்தேனுங்க. 45-ல டோன் விட்டா கோன் அசையறதே இல்லை, சத்தம் மட்டும் வருது. 25-ல விட்டா வெளிய வந்து விழுந்துருமாட்டம் ஆடுது. பாக்ஸ்ல கோளாறுங்களா? பைப் நீளம் எத்தனை வெக்கோணும்?
– பாக்ஸ் செய்யும் தச்சர், திருப்பூர்

பதில்: பாக்ஸ் சரியாகவே வேலை செய்கிறது. ட்யூனிங் அதிர்வெண்ணில் (பைப்பிலுள்ள காற்று பலமாக ஆடும் அதிர்வெண்) சத்தம் கிட்டத்தட்ட முழுவதும் பைப்பிலிருந்து வருகிறது. உள்ளே ஏறும் காற்றழுத்தம் கோனைப் பிடித்து நிறுத்துகிறது. ட்யூனிங் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க இதுவே வழி: 3, 4 வோல்ட் டோன் கொடுத்து மெதுவாக ஏற்றி இறக்குங்கள், டஸ்ட் கேப்பில் (கோனின் நடுவிலுள்ள மூடி) விரல் நுனியை வைத்தால் எந்த ஹெர்ட்ஸில் அடங்குகிறது என்று தெரியும். எங்குமே அடங்கவில்லை என்றால் பாக்ஸ் மூட்டிலோ கேபிள் துளையிலோ காற்று கசிகிறது.

25 ஹெர்ட்ஸில் கதை வேறு. ட்யூனிங்குக்குக் கீழே போனதும் உள்ளிருக்கும் காற்று பைப் வழியே தாராளமாக ஓடிவிடும். காற்று ஸ்பிரிங் இல்லாமல் போய்விடும். கோனைப் பிடித்து வைக்க ஸ்பைடரும் சரவுண்டும்தான் மிச்சம். கோபி வாசகரின் ஸ்பீக்கரையே எடுத்துக்கொண்டால், மூடிய பாக்ஸில் 12 மி.மீ. என்று வந்த கணக்கு, பைப் பாக்ஸில் ட்யூனிங்குக்கு வெகு கீழே 36 மி.மீ. என்று வரும். அவ்வளவு போவதற்குள் ஏதோ ஒன்று கிழியும். பைப் பாக்ஸுக்கு ஹை-பாஸ் இல்லாமல் ஆம்ப் கொடுக்கவே கூடாது. உங்கள் 45-க்கு, 40 ஹெர்ட்ஸில் 24 டெசிபல் வைக்கச் சொல்லுங்கள். பாட்டில் 25 ஹெர்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். மைக்கில் காற்று வீசுவது, மைக் ஸ்டாண்டைக் காலால் தட்டுவது, கேபிளைப் பிடுங்குவது எல்லாம் அங்கேதான் விழும்.

பைப் நீளம்: 343-ஐ 6.283-ஆலும் 45-ஆலும் வகுத்து வர்க்கமாக்கினால் 1.47. அதைப் பைப்பின் மொத்தப் பரப்பால் பெருக்கி, பாக்ஸின் கொள்ளளவால் (கன மீட்டரில் 0.1) வகுங்கள். உள்விட்டம் 100 மி.மீ. உள்ள பிவிசி பைப் இரண்டு என்றால் பரப்பு 0.0157; விடை 23 செ.மீ. பைப்பின் இரு முனைகளுக்கும் வெளியே கொஞ்சம் காற்று சேர்ந்து ஆடுவதால், விட்டத்தில் 0.73 பங்கைக் கழிக்க வேண்டும்: 7.3 செ.மீ. ஆக ஒவ்வொரு பைப்பும் 16 செ.மீ. பைப்பின் உள் முனைக்கும் பின் பலகைக்கும் நடுவே ஒரு விட்டமாவது இடம் விடுங்கள். இல்லாவிட்டால் ட்யூனிங் கீழே இறங்கிவிடும்.

இந்த இரண்டு பைப்பும் 109 டெசிபல் வரை நன்றாக இருக்கும். அப்போது பைப்புக்குள் காற்றின் உச்ச வேகம் விநாடிக்கு 9 மீட்டர் சொச்சம். 115 டெசிபலுக்கு ஏற்றினால் அது 19 ஆகும். 17-ஐத் தாண்டினாலே 'புஸ் புஸ்' என்று காற்று கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நாலு பைப் வையுங்கள், ஒவ்வொன்றும் 39 செ.மீ.

கேள்வி: லேசர் மீட்டர் எல்லாம் வாங்க வசதியில்லை. கணக்கில் வரும் வீச்சு நிஜமாகவே அவ்வளவுதானா என்று கடையிலேயே அளந்து பார்க்க முடியுமா? செல்போனை டஸ்ட் கேப்பில் ஒட்டி வைத்து ஆப் மூலம் அளக்கலாம் என்கிறார்களே?
– ரேடியோ மெக்கானிக், ஈரோடு

பதில்: செல்போனை ஒட்டாதீர்கள். 40 ஹெர்ட்ஸில் 5 மி.மீ. வீச்சு என்பது புவியீர்ப்பைப் போல 32 மடங்கு முடுக்கம். போனில் இருக்கும் சென்சாரின் எல்லையை அது வெகுவாகத் தாண்டும். போனின் எடையே கோனின் எடையைவிட அதிகமாக இருக்கும்போது அளவு எப்படிச் சரியாக வரும்? போனும் போய்விடும்.

ஓர் அட்டைத் துண்டு போதும். 200 ஜி.எஸ்.எம். அட்டையில் 110 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம் வெட்டுங்கள். அதன் மேல் பகுதியில் படுத்த வாக்கில் ஒரு முக்கோணம் வரையுங்கள்: நீளம் 100 மி.மீ., ஒரு முனையில் உயரம் 20 மி.மீ., மறு முனையில் கூராக முடிய வேண்டும். உள்ளே முழுக்க மார்க்கரால் கறுப்படியுங்கள். கூர்முனையிலிருந்து 5 மி.மீ.-க்கு ஒரு கோடு கிழித்து எண் போடுங்கள். ஸ்பீக்கர் மேல் நோக்கி இருக்க, அட்டையை டஸ்ட் கேப்பின் மேல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, அடியில் 'எல்' மாதிரி மடித்துப் பேப்பர் டேப்பால் ஒட்டுங்கள். முக்கோணத்தின் 20 மி.மீ. பக்கம் கோன் ஆடும் திசையில் இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

டோன் விட்டதும் முக்கோணம் மங்கும். கூர்முனைப் பக்கம் முழுவதும் சாம்பலாகத் தெரியும். அடிப்பக்கம் மட்டும் நடுவே அழுத்தமான கறுப்பு நிற்கும். அந்தக் கறுப்பு எங்கே கூராகத் தொடங்குகிறதோ அந்த எண்ணை 5-ஆல் வகுத்தால் மொத்த வீச்சு. 40 மி.மீ. என்று படித்தால் மொத்தம் 8, ஒரு பக்கம் 4 மி.மீ.

இந்த அட்டை 2 கிராம் சொச்சம் இருக்கும். 15 இன்ச்சின் கோன், காயில் எல்லாம் சேர்ந்து 100 கிராம் வரும். 2 கிராம் பெரிதில்லை. ஆறரை இன்ச் ஸ்பீக்கரில் மொத்தமே 15 கிராம்தான் இருக்கும் என்பதால் அங்கே இது செல்லாது. வெற்றுத் தாளில் சின்னதாகச் செய்யுங்கள்.

வோல்ட்டை ஸ்பீக்கர் முனையிலேயே மல்டிமீட்டரின் ஏ.சி. வோல்ட்டில் பாருங்கள். 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை சாதாரண மீட்டரே சரியாகக் காட்டும், டோன் சுத்தமான சைனாக இருக்கும் வரை. 5 வோல்ட்டில் தொடங்கி 10, 20 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து விநாடிதான். காயில் சூடானால் ஆர்.இ. ஏறி வீச்சு குறைவாகக் காட்டும். மேலே சொன்ன 90 லிட்டர் மூடிய பாக்ஸில் 40 ஹெர்ட்ஸ், 10 வோல்ட்டுக்கு ஒரு பக்கம் 2.3 மி.மீ. வர வேண்டும், அட்டையில் 23. 20 வோல்ட்டுக்கு 46. வோல்ட் இரட்டித்தும் அட்டையில் எண் இரட்டிக்கவில்லை என்றால், அங்கேதான் உங்கள் ஸ்பீக்கரின் நிஜமான எல்லை தொடங்குகிறது. தாளில் என்ன போட்டிருந்தாலும் சரி.

போன் கேமரா இதற்கு உதவும். விநாடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில், 30-க்குப் பதில் 31 ஹெர்ட்ஸ் விடுங்கள். 30 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதே எட்டு இடங்களில் படம் விழும், உச்சம் தப்பிப் போகலாம். 31-இல் இடம் நகர்ந்துகொண்டே வந்து உச்சத்தைப் பிடிக்கும். வெயில் வெளிச்சத்தில் எடுங்கள். டியூப் லைட்டிலும் சில எல்.இ.டி. பல்பிலும் படம் துடிக்கும்.

கேள்வி: ரீகோன் செய்யும்போது (பழைய கோனையும் காயிலையும் மாற்றும்போது) வேறு உயரக் காயில் போட்டால் எக்ஸ்மேக்ஸ் எப்படிக் கணக்கிடுவது? ரீகோன் செய்த பிறகு சில ஸ்பீக்கர் சீக்கிரமே கரகரக்கிறது.
– ரீகோன் கடை, கரூர்

பதில்: காயிலில் கம்பி சுற்றிய உயரத்திலிருந்து காந்தத்தின் மேல் தட்டின் தடிமனைக் கழித்துப் பாதியாக்குங்கள். காயில் 19, தட்டு 9 என்றால் 5 மி.மீ. சில கம்பெனிகள் இதன் மேல் தட்டுத் தடிமனில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கூட்டிப் போடுவதுண்டு. சில தாள்களில் மொத்த வீச்சைப் போட்டிருப்பார்கள். ஒப்பிடும்போது எல்லாவற்றையும் இந்த ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம், காயில் நடுவில் உட்காராதது. 2 மி.மீ. மேலே ஒட்டிவிட்டால் ஒரு பக்கம் 7, மறு பக்கம் 3 என்று ஆகிவிடும்; எல்லை 3-தான். ஷிம் (காயிலை நடுவில் நிறுத்தும் மெல்லிய தாள்) வைக்கும்போதே காயிலின் உயரத்தைக் குறித்து, சுற்றின் நடுப்பகுதி தட்டின் நடுப்பகுதிக்கு நேராக வருகிறதா என்று பார்த்த பிறகு ஸ்பைடர் பசை போடுங்கள்.

புது ஸ்பைடர் பழையதைவிட விறைப்பாக இருக்கிறதா என்பதற்கு 1.5 வோல்ட் செல் ஒன்றே போதும். ஸ்பீக்கரைப் பாக்ஸுக்கு வெளியே வைத்து, லேத் பட்டறை டயல் கேஜின் முனையை டஸ்ட் கேப்பின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் துண்டில் நிறுத்திப் பூஜ்யம் வையுங்கள். செல்லைத் தொட்டதும் உடனே படியுங்கள். விட்டுவைத்தால் ஸ்பைடர் மெல்ல நெகிழ்ந்து எண் ஏறிக்கொண்டே போகும். கோபி ஸ்பீக்கரின் அளவுக்கு 0.95 மி.மீ. வர வேண்டும். லோடில் செல்லின் வோல்ட் இறங்கும் என்பதால் மீட்டரில் நிஜ வோல்ட்டைப் பார்த்து அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். முனை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கமும் அதே அளவு வர வேண்டும். வராவிட்டால் ஸ்பைடர் ஒரு பக்கம் இழுத்தபடி ஒட்டப்பட்டிருக்கிறது. முனையைத் தொடும்போதே கோன் சாய்வாக எழுந்தால் சரவுண்டை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பேஸுக்குப் பதில் இரண்டு வைத்தால் வீச்சு பாதியாகுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அதே சத்தம் போதும் என்றால் ஆகும். பேரலலில் இணைத்து வால்யூமைத் தொடாமல் விட்டால் ஒவ்வொன்றுக்கும் அதே வோல்ட், அதே வீச்சு; சத்தம் 6 டெசிபல் கூடும், ஆம்பின் லோடு 4 ஓம் ஆகும். வால்யூமை 6 டெசிபல் குறைத்தால் பழைய சத்தம், பாதி வீச்சு. சீரிஸில் இணைத்தால் அந்தக் குறைப்பு தானாகவே நடந்துவிடும், ஆனால் லோடு 16 ஓம் ஆவதால் ஆம்பிலிருந்து முழு வாட்ஸ் எடுக்க முடியாது. இரண்டும் ஒரே மாடலாக, ஒரே அளவு பாக்ஸில், பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்து வைத்தால் 6 டெசிபல் கணக்கு நடுக்கோட்டில் நிற்பவருக்கு மட்டும்தான்.